புளோறம்மாளை ஆர் கேட்டது?

சுருவில் என்கிற கடற்கரை ஊரின் கோயில் முற்றத்தில் புளோறம்மாள் நாடகம் ஆடுகிற வருடங்களில் ஊர்ப் பெண்களின் முந்தானை காய்ந்ததே இல்லை. கதை எல்லாருக்கும் மனப்பாடம். இராசன் நல்லவன். அரசி புளோறம்மாள் அவனிலும் நல்லவள். வரியோ யுத்தமோ, எதுவென்றாலும் அவளிடம் ஒரு சொல் கேட்டுத்தான் இராசன் செய்வான். மந்திரிக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் அரசி, விலங்கோடு நின்ற கைதி ஒருவனுக்குத் தன் கையால் தண்ணீர் வார்க்கிறாள். மந்திரி இராசனை மாடத்துக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டுகிறான். காட்டிவிட்டுப் பெருமூச்சு விடுகிறான், அவ்வளவுதான். இராசன் வாளை உருவுகிறான். அரசி மண்டியிட்டு, "வெட்டும் கையும் நோகாதோ, மன்னவா" என்று அவனுக்காக இரங்கிப் பாடிவிட்டுக் கழுத்தைக் கொடுக்கிறாள். பிறகு உண்மை வெளிவருகிறது. இராசன் புலம்பத் தொடங்கினால் மத்தளக்காரனின் கை ஓயுமட்டும் புலம்புவான். பெண்கள் அழுவது அங்கேதான். செத்தவளுக்காக இல்லை, கொன்றவனுக்காக.

சந்தியாப்பிள்ளையின் மகள் கிறேஸ் மட்டும் அழுவதில்லை. சின்ன வயதில் ஒருமுறை, "இவர்தானே வெட்டினவர், இவர் ஏன் அழுகிறார்?" என்று உரக்கக் கேட்டுத் தாயிடம் தொடையில் கிள்ளு வாங்கினாள். கிள்ளின தழும்பு மாறிவிட்டது. கேள்வி மாறவில்லை.

ஐந்தாம் ஜோர்ச் அரசரின் வெள்ளிவிழாவுக்கு மறு வருடம் அவள் ஊர்காவற்றுறைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சீனியர் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்புவரை ஏறிய பெண்பிள்ளை அவளுடைய கடற்கரையில் வேறு ஒருத்தியும் இல்லை. சோதனை பாஸ் பண்ணினால் ஆசிரியை ஆகலாம். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. தமிழ்ப் பாடம் எடுத்த சிஸ்டர், உங்கள் ஊர்க் கூத்தில் வரும் உத்தமி ஒருத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் பொறுமை, அடக்கம், மன்னிப்பு என்று பூமாலை தொடுத்துக்கொண்டு வந்தார்கள். கிறேஸ் எழுதியது வேறு.

"புளோறம்மாளைக் கொன்றது மந்திரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். மந்திரி காட்டினான். நம்பியவன் இராசன். வரியைப் பற்றி அரசியிடம் கேட்கத் தெரிந்தவனுக்கு, அவளுடைய உயிரைப் பற்றி அவளிடம் ஒரு சொல் கேட்கத் தெரியவில்லை. மந்திரிக்குப் பொறாமை வந்தால் அதைச் சூழ்ச்சி என்கிறோம். இராசனுக்கு வந்தால் காதல் என்கிறோம், அதற்கு நல்ல இராகமும் போட்டுக் கொடுக்கிறோம். அரசியின் தோழிக்கும் கொஞ்சம் பொறாமை வருகிறது. அவளுக்கு முகத்தில் கரி பூசிப் பகிடி பண்ணுகிறோம். மன்னித்துக்கொண்டு சாகிற பெண்ணைத்தான் உத்தமி என்று எழுதுகிறார்கள். உயிரோடு இருந்து நியாயம் கேட்டவளை உத்தமி என்று எழுதிய கதை எனக்கு இன்னும் அகப்படவில்லை."

சிஸ்டர் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதுக' என்று எழுதிக் கொடுத்தார். கிறேஸ் கொப்பியை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வருடம் அரசி வேடம் அவளுடைய அண்ணன் தம்பிராசாவுக்கு விழுந்தது. மீசை சரியாக அரும்பாத முகம், நல்ல குரல், இரண்டும் இருந்ததால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அரியநாயகம் அவனைப் பிடித்துப் போட்டார். ஆனால் தம்பிராசா பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிடக் கடலுக்குப் போனதுதான் அதிகம். எழுத்து அவனுக்கு எட்டாக்கனி. ஆகவே கிறேஸ் கூத்துக் கொப்பியை வாசிக்க, அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே திருப்பிச் சொல்லிப் பாடமாக்குவான். அரசி வேடத்துக்கென்று அம்மாவின் கூறைச் சேலையும் பெட்டியை விட்டு வெளியே வந்து வெயில் காய்ந்தது. கிறேசுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அரசியை எழுதினவன் ஆண், ஆடுகிறவன் ஆண், அவள் மன்னிப்பதும் ஒரு ஆணைத்தான். அந்த அரசியில் பெண்ணென்று சொல்ல இந்தச் சேலை ஒன்றுதான் மிச்சம்.

இராசன் வேடம் மச்சான் வஸ்தியாம்பிள்ளைக்கு. அவன் சந்தியாப்பிள்ளையின் தமக்கை மகன். மாமனின் வள்ளத்திலேயே தொழில். கிறேஸ் அவனுக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் எப்போதோ பேசி வைத்தாயிற்று. பேசி வைத்தவர்கள் கிறேசிடம் பேசவில்லை, அது வேறு கதை. ஆள் கெட்டவன் இல்லை. காற்றடித்தால் பாயைத் தனியாளாக இறக்குவான். ஆனால் தன்னிலும் கூடத் தெரிந்த பெண்பிள்ளையைக் கண்டால் அவனுக்கு முகம் கறுத்துவிடும்.

சுருவில் கூத்தில் ஒரு பிடிவாதமான வழக்கம் உண்டு. ஒருவர் கேள்வியாகத் தரு என்கிற கூத்துப்பாட்டைப் பாடினால், மற்றவர் அதே இராகத்தில் மறுதரு எடுக்கும்வரை பிற்பாட்டுக்காரர் கடைசி அடியைப் பாடிக்கொண்டே நிற்பார்கள். இருமினாலும் விடமாட்டார்கள், தும்மினாலும் விடமாட்டார்கள். ஒரு பின்னேரம் ஒத்திகையில் வஸ்தியாம்பிள்ளைக்கு மறுதரு மறந்து போயிற்று. பிற்பாட்டு சுற்றிச் சுற்றி வந்தது. அவன் வேர்த்து விறுவிறுத்து நின்றான். அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வேலிக்கப்பால் நின்ற கிறேஸ், பொறுக்கமாட்டாமல் முதலடியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இராசா, முடியைக் கழட்டிப் பெட்டைக்கு வையடாப்பா!" என்றான் ஒருவன். வஸ்தியாம்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். சிரித்தது பல் மட்டும்தான்.

அடுத்த கிழமை ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் ஒரு சின்னச் சம்பவம். பள்ளிக்கூடம் விட்டு வந்த கிறேசை நெடுந்தீவு வள்ளத்தால் இறங்கிய செல்லாச்சி என்ற பெண் மறித்தாள். அவள் விற்கக் கொண்டுவந்த நெய் முட்டியோடு நிற்க, துறைமுகக் கந்தோருக்குப் புதிதாக வந்த பறங்கிக் கிளாக்கர் இங்கிலீசில் விலை கேட்டுக்கொண்டு நின்றார். "பிள்ளை, உந்தத் துரை என்ன சொல்லுறார் எண்டு ஒருக்காச் சொல்லு மோனை." கிறேஸ் நடுவில் நின்று அங்குமிங்கும் மொழிபெயர்த்தாள். கிளாக்கர் நெய்யை விரலால் தொட்டு ருசி பார்த்தபோது மீசை முழுக்க நெய்யாயிற்று. செல்லாச்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, கிறேசும் சிரித்தாள், கிளாக்கரும் சிரித்தார். அதோடு அலுவல் முடிந்தது. சற்றுத் தள்ளி வள்ளம் கட்டிக்கொண்டு நின்ற வஸ்தியாம்பிள்ளை எல்லாவற்றையும் கண்டான்.

அவன் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஊரைக் கூட்டவும் இல்லை. கடலில் வலை இழுக்கும்போது, "மாமா, நான் சொல்லக்கூடாது..." என்று தொடங்கி நிறுத்தினான். மாமன் சொல்லென்றார். "கிறேஸ் துறைமுகத்திலை கிளாக்கரோடை நிண்டு சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவள். என்ரை கண்ணாலை கண்டனான்." செல்லாச்சியையும் நெய் முட்டியையும் கடலில் விட்டுவிட்டான். கடலில் கயிறு பிடிக்கிறவன் கரையில் பொய் சொல்வானா என்பது சந்தியாப்பிள்ளையின் கணக்கு. அவர் கண், காது, மூக்கு வைத்து மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் அவர் சட்டையைக் கழற்றுமுன் தீர்ப்புச் சொன்னார். "நாளையிலையிருந்து பள்ளிக்கூடம் தேவையில்லை. கூத்து முடிய வஸ்தியானுக்கும் உனக்கும் கோயில்லை கலியாண ஓலை கூறுவிக்கிறன்."

"ஏன் அப்பு? நான் என்ன செய்தனான்?"

"செய்ததை என்ரை வாயாலை வேறை சொல்லவேணுமோ?"

அவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார். விஷயம் என்னவென்று அம்மா இராசமணிதான் குசினிக்குள் வைத்து மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அப்பு கோவம் தணியுமட்டும் பொறடி. பொம்பிளையள் பொறுத்துத்தான் போகவேணும்" என்றாள். கிறேசுக்கு அம்மாவின் குரலில் புளோறம்மாளின் இராகமே கேட்டது. வெட்டுகிற கை நோகுமே என்று இந்த வீட்டிலும் ஒருத்தி பாடுகிறாள். அம்மாமேல் வந்த கோபம் அப்புமேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மச்சான் கிணற்றடிப் பக்கம் வந்தபோது வழிமறித்தாள். "மச்சான், நீர் கண்டதை முழுக்கச் சொன்னனீரோ?"

"கண்டதைத்தான் சொன்னனான்."

"நெய்க்காரியைக் கண்டனீர்தானே?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "பெட்டையள் கனக்கப் படிச்சா இப்பிடித்தான் கேள்வி கேப்பினம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. இந்த ஊரில் இராசனும் மந்திரியும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

பள்ளிக்கூடம் இல்லை, சோதனை நெருங்குகிறது. செய்ய இருந்த வேலை, அண்ணனுக்குக் கொப்பி வாசிப்பது ஒன்றுதான். அரசி சாகிற இடம் வந்தது. 'வெட்டும் கையும்' என்று வாசிக்கப் போனாள். கொப்பியைப் பிடித்தபடி இருந்தவளுக்கு, அதே இராகத்தில் வேறு அடிகள் ஓடி வந்தன.

*கண்ணால் கண்டேன் என்றுரைத்தீர் – மன்னவா,*
*கண்டதின் பின்னே நின்றதென்ன?*
*பெண்ணின் தலையை வாங்குமுன்னே – மன்னவா,*
*பெண்ணை ஒருசொல் கேட்டீரோ?*

சொல்லாமலே இதை அண்ணனுக்குப் பாடமாக்கிவிட்டால் என்ன? எது கொப்பி, எது தங்கச்சி என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமல் போய் ஊருக்கு முன்னால் பாடிவிடுவான். அந்த யோசனை இனித்தது. இனித்த கையோடு அவளுக்கு மந்திரியின் பெருமூச்சு ஞாபகம் வந்தது. சீ, நானும் அதே வேலையையா செய்யப்போகிறேன் என்று தன்னையே வைதுகொண்டாள்.

"அண்ணை, இது கொப்பியிலை இல்லை. நான் கட்டினது. நீர் பாடினா அப்புவும் அண்ணாவியாரும் உம்மைத்தான் பேசுவினம். ஏலாதெண்டா விடும், மற்றதை வாசிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பாடிக் காட்டினாள்.

தம்பிராசா வலையைக் கீழே வைத்தான். "ஒவ்வொரு நாளும் அவனுக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு கழுத்தைக் குடுக்கிறன் கிறேஸ். மண்ணும் கல்லும் முழங்காலைக் குத்துது. என்னை ஏனடா வெட்டுறாய் எண்டு ஒருக்காக் கேக்கவேணும்போலத்தான் எனக்கும் இருக்கும். அரசி கேக்கக்கூடாதாம்." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அது சரி, அண்டைக்குத் துறைமுகத்திலை என்னதான் நடந்தது?" என்றான்.

அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். கிறேசுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். நெய் மீசையில் வந்தபோது தம்பிராசா விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "நானும் இவ்வளவு நாள் கேக்கேல்லை. பாட்டைச் சொல்லு" என்றான்.

வெள்ளுடுப்பு என்பது, திருவிழா அரங்கேற்றத்துக்கு முதல் சோடனை இல்லாமல் வெள்ளை வேட்டியோடு ஊராருக்கு ஒருமுறை முழுக் கூத்தையும் ஆடிக் காட்டுவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கோயில் முற்றத்தில் ஊர் நிறைந்திருந்தது. சந்தியாப்பிள்ளை முன்வரிசையில் கதிரையில் இருந்தார். பெண்கள் பக்கத்தில், வேலிக்கப்பால் இல்லை, எல்லாருக்கும் தெரியக் கிறேஸ் இருந்தாள். அம்மா அழுவதற்கு ஆயத்தமாக முந்தானையை மடித்து வைத்திருந்தாள்.

அரசி மண்டியிட்டாள். சேலை இல்லை, தலையில் ஒரு துணி மட்டும் போட்ட தம்பிராசா. வஸ்தியாம்பிள்ளை மரவாளை ஓங்கினான். தம்பிராசா நிமிர்ந்து பார்த்துப் பாடத் தொடங்கினான். முதலடியிலேயே அண்ணாவியாரின் தலை வெடுக்கெனத் திரும்பியது. ஆனால் தாளம் தப்பவில்லை, இராகம் தப்பவில்லை. மத்தளக்காரன் கையை எடுக்கவில்லை. தம்பிராசா கடைசி அடியை இழுத்து நிறுத்தினான். பிற்பாட்டுக்காரருக்கு வேறு என்ன தெரியும்? வழக்கப்படி எடுத்தார்கள்.

*பெண்ணை ஒருசொல் கேட்டீரோ?*

இராசனிடம் மறுதரு இல்லை. கொப்பியில் அப்படி ஒரு கேள்வியே இல்லாதபோது பதில் எங்கிருந்து வரும்? வஸ்தியாம்பிள்ளை வாளை இறக்கி வேலிப் பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. கிறேசைப் பார்த்தான். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள். முதலடி எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள்.

*பெண்ணை ஒருசொல் கேட்டீரோ?*

பெண்கள் பக்கத்தில் முதலில் சலசலப்பு. பிறகு ஒருத்தி மெல்லப் பிற்பாட்டோடு சேர்ந்தாள். பிறகு இன்னொருத்தி. துறைமுகக் கதை காற்றோடு எல்லா வீட்டுக்கும் போயிருந்தது, ஆகவே பாட்டு யாருக்கென்று எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மத்தளம் விடாமல் அடித்தது. வஸ்தியாம்பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னைப் பாத்து ஏன் எல்லாரும் பாடுறியள்?" என்று அவன் கத்திவிட்டான். "நான் மட்டுமோ கேக்காமல் விட்டது? மாமாவும் ஒரு சொல் கேக்கேல்லைத்தானே! அவர் கேட்டிருந்தா நெய்க்காரி பக்கத்திலை நிண்டதையும் சொல்லியிருப்பன்!"

மத்தளம் நின்றது. முழு முற்றமும் முன்வரிசைக் கதிரையைத் திரும்பிப் பார்த்தது. சந்தியாப்பிள்ளை மெல்ல எழும்பினார். அந்த மனிதர் ஆடிப்போனதை அன்றைக்குத்தான் ஊர் கண்டது.

"நெய்க்காரியோ?" என்றார். பிறகு பெண்கள் பக்கம் பார்த்து, "பிள்ளை, அண்டைக்கு என்ன நடந்தது?" என்றார்.

அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். கிறேஸ் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழும்பி நின்றாள்.

"தீர்ப்பு முந்தி வந்திட்டுது அப்பு. கேள்வி இப்பதான் வருகுது. முதலிலை தீர்ப்பை எடுங்கோ. பிறகு கேளுங்கோ, ஒளிக்காமல் சொல்லுறன்."

சந்தியாப்பிள்ளை தோள் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த இடைவெளியில், பிற்பாட்டுக் கிழவர் ஒருவர், மறுமொழி வரவில்லையென்றால் பாட வேண்டும் என்கிற வெறும் பழக்கத்தில், மறுபடியும் எடுத்தார். *பெண்ணை ஒருசொல் கேட்டீரோ?* இந்தமுறை பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்து பாடிற்று. கிறேஸ் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

"போதும், நிப்பாட்டுங்கோ!" சந்தியாப்பிள்ளை கையை உயர்த்தினார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போ. ஓலையும் இல்லை, ஒண்டும் இல்லை. இப்ப சொல்லு."

அவள் சொன்னாள். செல்லாச்சியைச் சொன்னாள், முட்டியைச் சொன்னாள், மீசையைச் சொன்னாள். முற்றம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்ததற்காகத்தானே இவ்வளவும் நடந்தது, இனி இந்த முற்றத்துக்கு இலவசமாகச் சிரித்துக் காட்ட அவளுக்கு மனம் இல்லை.

அண்ணாவியார் அரியநாயகத்துக்கு அவருடைய கவலை. அடுத்த கிழமை திருவிழா. "தம்பிராசா, அரங்கேற்றத்திலை பழைய பாட்டைப் பாடு" என்றார். தம்பிராசா தலைத்துணியை உருவி அவர் கையில் கொடுத்தான். "அப்ப வேறை அரசியைப் பிடியுங்கோ அண்ணாவியார்." மீசை இல்லாத, முழுப் பாட்டும் தெரிந்த வேறொருவனை ஒரு கிழமைக்குள் எங்கே பிடிப்பது? அவர் துணியைத் திருப்பி அவன் தலையிலேயே போட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு கிறேசிடம் வந்தார்.

"சரி பிள்ளை, பாட்டு இருக்கட்டும். பிழையில்லாமல்தான் கட்டியிருக்கிறாய். ஆனா இராசனுக்கு ஒரு மறுதரு வேணுமே. இல்லாட்டி இவங்கள் விடியுமட்டும் நிண்டு பாடுவாங்கள். அதையும் நீயே கட்டித் தா."

வஸ்தியாம்பிள்ளை மரவாளை ஊன்றிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். ஊர் முழுக்க அவளுடைய வாயைப் பார்த்தது. பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நொடியில் கட்டியிருப்பாள், எதுகை மோனையோடு, கேட்கிறவர்கள் கண் கலங்க. வெட்டினவனுக்கும் நல்ல சொல் தேடிக் கொடுப்பது, இந்த நாடகங்களில் பெண்கள் செய்கிற வேலையே அதுதானே.

"அது என்னாலை ஏலாது அண்ணாவியார்" என்றாள் கிறேஸ். "கேள்வி அரசியின்ரை. மறுமொழியை இராசன்தான் கட்டவேணும்."

சொல்லிவிட்டு அவள் படிக்க வீட்டுக்குப் போனாள்.